வேலாயி பெயரில் நிறுக்கும் கொழுந்து

தேவாலா

அன்பு மாமாவுக்கு,

ஹட்டனிலும் மழையா? உங்கள் முதுகுவலி தேவலையா? சின்னவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன்.

நேற்று ஒரு வேடிக்கை. எஸ்டேட்டைப் பார்க்க அதிகாரிகள் வந்தார்கள். ஆதார் இல்லாத எங்களைச் சூப்பர்வைசர் விறகுக் காட்டுக்குள் விரட்டினார். அட்டைகள் கடிக்கக் கடிக்க உட்கார்ந்திருந்தோம். ஜீப் போனதும் அவரே ஓடிவந்து, "எந்திரிச்சு வாங்க, கொழுந்து முத்துதுங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவரைக் குறை சொல்ல முடியாது. இங்குள்ளவர்கள் திருப்பூருக்குப் போய்விட்டார்கள், பறிக்க ஆளில்லை. இலங்கையிலிருந்து வருகிற நமக்கோ சுற்றிப் பார்க்கத்தான் விசா தருகிறார்கள், கொழுந்து பறிக்கத் தருவதில்லை. எனக்குத் தந்ததும் முடிந்துவிட்டது. ஊருக்குத் திரும்பி வரப் புறப்பட்டாலும் அந்த விசாவைத்தான் கேட்பார்களாம். அதனால், வேலையை விட்டுப்போன வேலாயி என்பவரின் பெயரில் என் கொழுந்தை நிறுக்கிறார்கள். எல்லாரும் என்னை அப்படியே கூப்பிடுகிறார்கள். நானும் திரும்பிப் பார்க்கிறேன்.

யாராவது வந்தால், அட்டை கடிக்காமல் காலில் போட்டுக்கொள்ள உங்கள் பழைய நீள மேசு ஒரு சோடி கொடுத்தனுப்புங்கள். பதில் எழுதினால் உறையின் மேல் வேலாயி என்றே போடுங்கள். உள்ளே மட்டும், எப்போதும் கூப்பிடுகிற 'இந்தா புள்ள' வேண்டாம். என் பெயரைச் சொல்லி எழுதுங்கள்.

வேலைக்குக் கூப்பிட லாரி ஹாரன் அடிக்கிறது.

யோகராணி