இரண்டு சைஸ் பெரிய சிலிப்பர்

நேற்று பிரிக்பீல்ட்ஸில் ஒரு புடவைக் கடை வாசலில் மகளுக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். பக்கத்துக் கடையில் ஜப்பான் சிலிப்பர்களைக் கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மழை பெய்து ஓய்ந்த நேரம். புது ரப்பர் வாசனை குப்பென்று வந்தது. மகள் கடையை விட்டு வெளியே வருவதற்குள் நான் மனதுக்குள் உன்னோடு அந்தத் தண்ணீர்ப் பூங்காவுக்குப் போய்த் திரும்பிவிட்டேன்.

நீ வளர்ந்த அந்தத் தெரு இப்போது உனக்கு அடையாளம் தெரியாது. உங்கள் வீட்டு வரிசையை இடித்து எத்தனையோ காலம் ஆகிறது. தலைக்கு மேல் ரயில் ஓடுகிறது. நீ பார்த்தால் முதலில் ஒரு கெட்ட வார்த்தை சொல்வாய், அப்புறம் டீ குடிக்கலாம் வா என்பாய்.

உன் நெஞ்சில் அடைப்பு என்று டாக்டர் சொன்னது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். துறைமுகத்து அலுவலகத்தில் நமக்கு எதிரெதிர் மேசை. ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும், தள்ளிப்போட்டால் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். நீ தள்ளிப்போட்டாய். தீபாவளி கழியட்டும் என்றாய், சின்னவள் பரீட்சை முடியட்டும் என்றாய், கடைசியில் மழை நிற்கட்டும் என்றாய். மழைக்கும் ஆபரேஷனுக்கும் என்னடா சம்பந்தம் என்று கேட்டால், "சளி பிடிச்சுக்கும்லா" என்று பதில். அலுவலகத்தில் யாருக்கு என்ன வந்தாலும் தைரியம் சொல்லப் போகிற ஆள் நீதான். கத்தி என்றதும் அப்படிப் பயந்தாய். உன் மனைவி என் வீட்டுக்கு வந்து, "நீங்க சொன்னாத்தான் கேப்பாரு அண்ணே" என்று அழுதார்.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கிள்ளானில் எங்கள் மாரியம்மன் கோயிலில் உனக்காகத் தீ மிதிப்பதாக நேர்ந்துகொண்டேன். கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தாய். நீ யாழ்ப்பாணத்துக் குடும்பம். உங்கள் வீட்டுச் சாமிக்குத் தேவாரமும் சந்தனமும் போதும், நெருப்பில் இறங்குவதெல்லாம் எங்கள் ரப்பர் தோட்டத்துச் சனங்களின் வேலை. அம்மாவிடம் யாழ்ப்பாணத் தமிழும் என்னிடம் கிள்ளான் தமிழும் பேசுகிற அதே வாயால் ஒரு பந்தயம் கட்டினாய்.

"சரி மச்சான், உங்க ஆத்தா உன் காலைச் சுடலன்னா நான் போய் ஆஸ்பத்திரியில படுக்கறேன். சுட்டுச்சுன்னா என்னைய விட்டுடணும். ஓகேவா?"

"பேச்சு மாறக் கூடாது."

"நான் என்ன எலக்சன்லயா நிக்கிறேன்? மாற மாட்டேன்லா."

விளையாட்டாகத்தான் சொன்னாய். ஆனால் அதற்குப் பிறகு தினமும் விரதம் எப்படிப் போகிறது என்று விசாரித்தாய். பயத்தில் இருந்த உனக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று கிடைத்துவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

தீமிதி அன்று வரமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாய். புகை நெஞ்சுக்கு ஆகாதாம். குழியில் இறங்கினால் கண் அம்மன் மேலேயே இருக்கவேண்டும், பக்கவாட்டில் பார்க்கக் கூடாது, நடுவில் நிற்கக் கூடாது. காப்புக் கட்டும்போதே பூசாரி சொல்லித்தான் அனுப்புவார். நடுக்குழியில் என்ன நடந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். மறுமுனையில் பால் ஊற்றிய குழியில் கால் வைத்தபோதே தெரிந்துவிட்டது. வலது உள்ளங்கால் வெந்துபோயிருந்தது.

கால் சுட்டால் எங்கள் ஆட்கள் என்ன பேசுவார்கள் என்று உனக்கும் தெரியும். விரதத்தில் குறை என்பார்கள். இல்லையென்றால் அம்மன் வேண்டுதலை ஏற்கவில்லை என்பார்கள். கிளினிக்குக் கூடப் போகவில்லை. மனைவி மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசி, பழைய வேட்டித் துணியால் கட்டிவிட்டாள். மறுநாள் ஷூ மாட்டிக்கொண்டு வேலைக்கு வந்து, "ஒரு கொப்புளம்கூட இல்ல" என்று உன்னிடம் சொன்னேன். நீ கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாய். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு நாள் வாங்கினாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அலுவலகத்தில் எல்லாரையும் குடும்பத்தோடு தண்ணீர்ப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார்கள். பழைய ஈயச் சுரங்கப் பள்ளத்தில் புதிதாகத் திறந்திருந்தார்கள். வரவில்லை என்றால் நீ சந்தேகப்படுவாய். ஊரே அரைக்கால் சட்டையும் வெறுங்காலுமாகத் திரிந்த இடத்தில், காலுறைக்கு மேல் காலுறை போட்டு, பாலிஷ் செய்த கறுப்பு ஷூவோடு நான் வந்து நின்றேன்.

"என்ன மச்சான், இன்ஸ்பெக்சனுக்கு வந்தியா?"

உனக்கு எந்த விளையாட்டிலும் ஏற அனுமதி இல்லை, எனக்குக் காலில்லை. பெண்களும் பிள்ளைகளும் தண்ணீரில் கிடக்க, நாம் இரண்டு பேரும் துண்டுகளுக்கும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களுக்கும் காவல் இருந்தோம். பெரிய சறுக்கில் யாராவது அலறிக்கொண்டு வரும்போதெல்லாம் உன் கால் தானாக ஆடியது. ஏறவேண்டும் என்று எவ்வளவு ஆசை உனக்கு! பிறகு ஏரிக்கு மேலே கட்டியிருந்த தொங்கு பாலத்தைக் காட்டினாய்.

"டாக்டர் இதை வேணாம்னு சொல்லல. வாடா, நடந்துட்டு வரலாம்."

"எனக்கு உசரம்னா தலை சுத்தும்."

கப்பல் ஏணியில் வருடக்கணக்காக ஏறி இறங்கியவன் நான். அது உனக்குத் தெரியும். என் ஷூவை ஒரு தரம் பார்த்தாய். பாத்ரூம் போய் வருகிறேன் என்று எழுந்து போய், கையில் ஒரு ஜோடி நீலச் சிலிப்பரோடு திரும்பி வந்தாய்.

"எனக்குத்தான் வாங்கினேன். பெருசாப் போச்சு. நீ போட்டுக்கோ."

உன் கால் என் காலைவிடச் சின்னது. அந்தச் சிலிப்பரோ எனக்கே இரண்டு சைஸ் பெரியது. துணி சுற்றிய காலுக்குத்தான் சரியாக இருக்கும். நான் ஷூவைக் கழற்றி அதை மாட்டி முடிக்கும்வரை நீ சறுக்கு மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய், என் பக்கம் திரும்பவே இல்லை.

பாலத்தில் நடந்தோம். "மெதுவா போலா, எனக்கு மூச்சு வாங்குது" என்று நொடிக்கொரு தரம் நின்றாய். உன் குரலில் ஒரு இளைப்பும் இல்லை. நடுப்பாலத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இங்கேருந்து விழுந்தா ஆபரேஷன் தேவைப்படாது மச்சான்" என்றாய். நானும் சிரித்தேன். பக்கத்தில் யாரும் இல்லை. சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. கீழேயிருந்து பிள்ளைகள் கையாட்டினார்கள், நாமும் கையாட்டிவிட்டு நடந்தோம்.

ஆபரேஷன் அன்று காலை, உன்னைத் தள்ளிக்கொண்டு போகும்போது கட்டிலை நிறுத்தச் சொல்லி என்னைக் கூப்பிட்டாய்.

"கால் நல்லாத்தானே இருக்கு?"

வலது காலைத் தூக்கித் தரையில் ஓங்கி மிதித்துக் காட்டினேன். உயிரே போய்விட்டு வந்தது. "பாத்தியா? ஒண்ணுமே இல்ல."

"அப்ப சரி. பேச்சு மாற மாட்டேன். போயிட்டு வரேன் மச்சான்."

நீ வரவில்லை. முன்னமே வந்திருக்கவேண்டும், இதயம் ரொம்பவும் பலவீனமாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். செய்யாமல் விட்டிருந்தாலும் அந்த வருடம் தாண்டியிருக்க மாட்டாய் என்றும் சொன்னார். அதை நான் நம்புகிறேன். உன்னை அனுப்பிவைத்ததற்காக நான் அழவில்லை.

என்னை அரிப்பது வேறு. கால் சுட்டது உனக்குத் தெரியும். பந்தயப்படி நீதான் ஜெயித்தவன். "விடு, நான் போகல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு வாய் அடைத்திருக்கும். நீ சொல்லவில்லை. என் பொய்யை எனக்காகக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டுப் போனாய். ஆனால் அந்தக் கதவுக்குள் போகும்போது மனதில் என்ன நினைத்துக்கொண்டு போனாய்? அம்மன் உன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்றா? அந்தப் பயத்தோடா தனியாக உள்ளே போனாய்? இந்தக் கேள்வி இன்றைக்கும் என் சாப்பாட்டை நடுவில் நிறுத்துகிறது.

நேற்று அதே மாதிரி நீலத்தில் ஒரு ஜோடி எடுத்தேன். "அங்கிள், உங்களுக்குப் பெருசா இருக்கும்" என்றார் கடைக்காரர். தெரியும் என்றேன். மகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். வீட்டில் இப்போது அதைத்தான் போட்டிருக்கிறேன். வலது உள்ளங்காலில் அந்தத் தழும்பு இன்னும் தடித்துத்தான் கிடக்கிறது.

இனி நடுக்குழியில் நடந்ததைச் சொல்கிறேன். கயிறு கட்டித் தடுத்திருந்த கூட்டத்தின் முன்வரிசையில், புகைக்குக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒருவன் நின்றான். வரவே மாட்டேன் என்று சொன்னவன். மறுநாள் காலை ஒன்றும் அறியாதவன்போல, "எப்படிடா நடந்துச்சு?" என்று என்னிடமே கேட்டவன். அம்மன் மேல் இருந்த என் கண் உன் மேல் போனது. வந்துவிட்டானே என்ற சந்தோஷத்தில் கால் நின்றுவிட்டது. நெருப்பில் நின்றால் சுடத்தான் செய்யும். அவள் உன்னை மறுக்கவே இல்லையடா. நீ வந்திருந்தது எனக்குத் தெரியும் என்று நான் அந்தப் பாலத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.