மணிக்கு முந்திய விசில்

13-2-1954, சனி

எழுந்ததும் முதல் வேலையாக வீட்டுக்காரருடைய வெள்ளைக் கால்சட்டைக்கு இஸ்திரி போட்டேன். நாளை கூடைப்பந்து இறுதி ஆட்டம்; அவர்தான் நடுவர். முகம் மழித்துக்கொண்டே விதிகளை ஒப்பித்தார்.

விதிப் புத்தகம் ஆங்கிலம். அவருக்கு ஓடாது. ஆறு வருஷத்துக்கு முன் அதைத் தமிழில் சுருக்கி ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தேன். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எல்லா நடுவர்களும் பயிற்சியாளர்களும் அதை நகலெடுத்து வைத்திருக்கிறார்கள். அவர் பெயரால் "நயினார் சார் நோட்டு" என்றே வழங்குகிறது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதென்று அவரைப் பாராட்டுகிறார்களாம்.

14-2, ஞாயிறு

ஒரு புள்ளி. காலடிப்பேட்டை 30, தண்டையார்பேட்டை 31.

காலடிப்பேட்டை கமால் பந்தை எறியும்போது எதிராளி ஒருவன் அவன் கையில் அடித்துவிட்டான். இவர் விசில் ஊதினார். அடுத்த கணமே மேசையில் மணி. நேரம் முடிந்தது. "மணி அடிச்சாச்சு, ஆட்டம் க்ளோஸ்" என்று இவர் நடக்க ஆரம்பித்தார். கமால் ஓடிவந்து சட்டைக் கையைப் பிடித்தான். "விசில் முன்னாடி வந்துச்சே சார்! ரெண்டு ஃப்ரீ த்ரோ குடு சார்!"

தடுப்பாரின்றி கூடைக்கு எறியும் அந்த இரண்டும் விழுந்தால் 32, அவர்கள் ஜெயித்திருப்பார்கள். இவர் உதறினார். நடுவர் மேல் கை வைத்ததாகக் குறித்துக்கொண்டார்.

பெண்கள் பெஞ்சிலிருந்து கேட்டேன். விசில்தான் முந்தி.

15-2, திங்கள்

அவர் ஆபீஸ் போனதும் ஆங்கிலப் புத்தகத்தைப் பிரித்தேன். மணி அடித்தால் ஆட்டம் முடிந்தது. ஆனால் மணிக்கு முன்னால் ஃபவுல் நடந்திருந்தால், அதற்குரிய ஃப்ரீ த்ரோவை எறியவிட்ட பிறகே முடியும்.

அந்த "ஆனால்" என் நோட்டில் இல்லை. நீளமான வரி அவருக்கு மனப்பாடம் ஆகாது என்று நானே வெட்டினேன்.

நானா? நான்தான்.

16-2, செவ்வாய்

சாயங்காலம் தமீம் வந்தார், கமாலின் பயிற்சியாளர். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன்.

"ரூல் ரூல்தான் அண்ணி. நம்ம நோட்லயே அப்டித்தான் கீது. அதுக்கு நான் பேஜாரு பண்ல." இவர் பக்கம் திரும்பினார். "கமிட்டி ஒரு வருஷம் தடை போட்டா பட்டறைல கமாலுக்கு வேல பூடும் சார். ஆட்டக்காரன்னுதான் எடுத்துகினாங்க. ரெண்டு கொயந்த கீது அவனுக்கு."

"இன்னிக்கி சட்டையப் புடிப்பான், நாளிக்கி கழுத்தப் புடிப்பான்" என்றார் இவர்.

"உங்க கழுத்து எங்க கீதுன்னு தேடவே அவனுக்கு ஒரு வருஷம் ஆவும் சார்."

இவரே சிரித்துவிட்டார். ஆனால் இறங்கி வரவில்லை. நான் டீ கொடுத்தேன். டீ மட்டும் கொடுத்தேன்.

18-2, வியாழன்

சொல்லிவிட்டேன். "ஏங்க, புத்தகத்துல வேற மாதிரி இருக்கு. நான்தான் விட்டுட்டேன்."

"யார்கிட்டயாவது சொன்னியா?" அதுதான் அவருடைய முதல் கேள்வி. பிறகு, "பொண்டாட்டி எழுதிக் குடுத்து ரெஃப்ரி ஆனான்னு ஊரே சிரிக்கும். வாய மூடிகினு கெட."

பதினெட்டு வருஷத்தில் இப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. இல்லை, இரண்டாவது. முன்பு நான் டீச்சர் டிரெயினிங் காலேஜுக்கு விண்ணப்பம் வாங்கி வந்தபோது.

எங்கே போவேன்? இந்த இரண்டு அறையில் நடந்து நடந்து எத்தனை அடி என்றுகூடத் தெரியும்.

19-2, வெள்ளி

கொடியில் காய்ந்த துணியெல்லாம் கரிப்புகை. மறுபடி துவைத்தேன்.

20-2, சனி

நாளை கமிட்டி கூடி கமாலுக்குத் தடையா என்று முடிவு செய்யும். வழக்கம்போல வெள்ளைத் தாளின் அடியில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டு ஆபீஸ் போனார். அவருடைய ரிப்போர்ட் எல்லாம் நான் எழுதுவதுதான், திரும்பப் படிப்பதில்லை. "கை வெச்சான்னு எழுது. மணியப் பத்தி ஒண்ணும் வாணாம்."

அந்தக் கையெழுத்துக்கு மேலே எதை வேண்டுமானாலும் எழுதலாம். மத்தியானம் வரை அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். அவர் சொல்லாததை அவர் சொன்னதாக எழுத மனம் வரவில்லை. அவர் சொன்னபடியே எழுதி மடித்தேன்.

பிறகு வேறு தாள் எடுத்தேன். நோட்டு என்னுடையது, வெட்டியவள் நான், விசில்தான் முந்தியது, கமால் கெஞ்சத்தான் கையைப் பிடித்தான். அடியில் கெங்கம்மாள், பி.ஏ. அந்த இரண்டு எழுத்தைப் போட்டு எத்தனை வருஷம்!

நாளை கமிட்டிக்கு நானே போவேன். இரண்டு தாளையும் கொடுப்பேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் போகமாட்டேன்.