அப்பக்கடை பூட்டிய செவ்வாய்க்கிழமை

சேசு மரி சூசை

கற்பிட்டி,
1938 பெப்ரவரி 13, ஞாயிறு.

என் அன்புப் பேத்தி டொறத்திக்கு அம்மம்மா எழுதுவது.

நான் சுகமாய் இருக்கிறேன். எல்லாக் கடிதத்திலும் எழுதுகிற சுகம்தானே என்று தள்ளி வாசிக்காதே. போன செவ்வாய்க்கிழமை நான் செத்துப்போனேன் என்று கோயில் மணி அடித்து ஊர் முழுக்க அறிவித்தாயிற்று. கொழும்புக்கு வருகிற கருவாட்டு லொறிக்காரன் யாராவது கொட்டாஞ்சேனைக்கு வந்து உன்னிடம் துக்கம் விசாரித்தால், அழாமல் இந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டு. வயிற்றுப்பிள்ளைக்காரி அழக்கூடாது.

உன் கால் வீக்கம் வற்றியது என்று உன் மனுசன் அல்பேட் எழுதியிருந்தார். சந்தோஷம். உப்பைக் குறை.

பிள்ளைப்பேற்றுக்கு வந்து பத்து நாள் நில்லுங்கள் என்று நீ மூன்று முறை எழுதினாய். நான் ஒரு முறை மழை என்றேன், ஒரு முறை முழங்கால் என்றேன், ஒரு முறை பதிலே போடவில்லை. உண்மையான காரணம் கடைதான், அது உனக்கும் தெரியும். என் மனுசன், உன் அப்பையா, கடலோடு போன பிறகு இந்த இருபத்திரண்டு வருடத்தில் பெரிய வெள்ளிக்கிழமை தவிர ஒரு நாளும் நான் அடுப்பை ஆறவிட்டதில்லை. விடியுமுன் தோணிக்காரருக்கு அப்பம், பிறகு மா இடிக்க வேண்டும், தேங்காய் துருவ வேண்டும், பின்னேரம் கள் விட்டு மா கரைத்து மூட வேண்டும். கரைத்த மா புளிக்கும், புளித்ததைச் சுட்டே ஆகவேண்டும். இப்படி ஒரு நாள் மற்ற நாளை இழுத்துக்கொண்டே போய்விட்டது.

கடைசிக் கடிதத்தில், “பேத்தி பெரிதா, அப்பம் பெரிதா?” என்று கேட்டிருந்தாய். இங்கிலீசு படித்த பிள்ளை எப்படி மடக்குகிறாள் பாருங்கள் என்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அதை வாசித்துக் காட்டினேன். எல்லாரும் போன பிறகுதான், கேள்வி என்னிடம் அல்லவா கேட்டது என்று உறைத்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்குக் கொஞ்சம் மெல்லத்தான் ஏறும்.

பத்து நாள் பூட்டுவதற்கு முன், ஒரு நாள் பூட்டிப் பார்ப்போம் என்று நினைத்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் ஆளுக்கொரு கதை சொல்லி மனதைத் திருப்பிவிடுவார்கள். திங்கட்கிழமை பின்னேரம் மா கரைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை தோணிக்காரர் வருமுன்னே முன் பலகையை உள்ளே தாழ் போட்டு, பின் வேலியால் இறங்கி, அஸீஸா வீட்டுக்குப் போய்விட்டேன். இத்தனை வருடமாய் எனக்குத் தேங்காய் தருகிறவள். ஒரு நாளாவது என் வீட்டில் வந்து இருங்கள் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போனவள். என்னைக் கண்டதும், “மதலேனா, பொழுது மேற்காலயா உதிச்சிருக்கு?” என்று கேட்டாள்.

அவள் தேத்தண்ணி ஊற்றும்போது கோயிலில் துக்கமணி கேட்டது. “ஆரோ மவுத்தாகிட்டாங்க போல, பாவம்” என்றாள் அஸீஸா. நான் எழுந்து நின்று நெற்றியில் சிலுவை போட்டு, நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும் சுவாமி என்று மனமுருகிச் செபித்தேன். எனக்கு நானே செபித்த செபம் அது, பிள்ளை!

யாருடைய வீடு என்று பார்க்க ஓடி வந்தால், சனமெல்லாம் என் வாசலில் நிற்கிறது. பின்னால் நின்ற அயல்வீட்டு றோசமேரியின் தோளைத் தட்டி, “ஆர் பிள்ளை செத்தது?” என்று கேட்டேன். அவள் திரும்பாமலே மூக்கைத் துடைத்துக்கொண்டு, “எங்கட மதலேன் மாமி” என்றாள். “ஐயோ, நேற்றும் நல்லாய் இருந்தாவே!” என்று என் வாயில் வந்தே விட்டது. பிறகுதான் அவள் திரும்பினாள். அவள் போட்ட சத்தத்தில் கோழிகள் கூரையில் ஏறிவிட்டன.

நடந்தது இதுதான். கடை திறக்கவில்லை, தட்டினால் பதில் இல்லை. பின்பக்கம் போய்ப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. மதலேன் மாமி கடை பூட்டியிருந்தால் அவ முடிந்துபோனா என்றுதான் அர்த்தம் என்று கோயில் வேலை பார்க்கிற நிக்கொலஸ் ஓடிப்போய் மணியை இழுத்துவிட்டான். உனக்குத் தந்தி அடிக்கத் தபால் கந்தோருக்குப் போனவனை நல்லவேளை பாதி வழியில் மறித்தோம்.

துக்கமணி கேட்டால் நம் கரையில் தோணி இறங்காது அல்லவா? அன்றைக்கு ஒருவரும் தொழிலுக்குப் போகவில்லை. நான்கு தோணி வைத்திருக்கிற அன்ரனிப்பிள்ளைச் சம்மாட்டியார் ஏசப்போகிறார் என்று பயந்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, “மதலேனக்கா, பூட்டுறதெண்டால் சொல்லிப்போட்டுப் பூட்டுங்கோ. நாங்கள் பசியோட அழுதது” என்றார். நிக்கொலஸ், “அடிச்ச மணியை இனி என்னெண்டு திருப்பி எடுக்கிறது? சுவாமியாருக்கு நான் என்ன சொல்ல?” என்று தலையில் கை வைத்தான்.

சரி, எல்லாரும் வந்தாயிற்று, கொஞ்சம் அப்பம் சுடுங்கோவன் என்றார்கள். எனக்கு ஒரு துணிவு வந்தது பார். “செத்த வீட்டில அடுப்பு எரியக்கூடாது. இண்டைக்கு நான் செத்தவள்தான்” என்று சொல்லிக் கதிரையை இழுத்துப்போட்டு இருந்துவிட்டேன். செத்த வீட்டுக்கென்று றோசமேரி அதற்குள் மரவள்ளி அவித்துவிட்டாள். மற்றவர்கள் கோப்பியும் மீன் குழம்பும் கொண்டுவந்தார்கள். அஸீஸா பின்னாலேயே ரொட்டி அனுப்பினாள். பிறர் சமைத்ததை ஆற அமர இருந்து சாப்பிட்டேன். கறிக்கு உப்புக் கூட என்று சொல்ல வந்து, சொல்லாமல் விழுங்கினேன்.

அந்தப் பந்தியிலேதான் உன் கதை வந்தது. பத்து நாளும் கடையைத் தான் பார்ப்பதாக றோசமேரி சொன்னாள். புதன்கிழமையே அப்பத் தாச்சிக்கு முன்னால் அவளை இருத்தினேன். முதல் அப்பம் தாச்சியை விட்டு வரவே மாட்டேன் என்றது. இரண்டாவது கிழிந்தது. வெள்ளிக்கிழமை அன்ரனிப்பிள்ளை அவள் சுட்ட அப்பத்தில் நாலைத் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு போனார். எனக்குத்தான் மனம் சுருக்கென்றது. ஒரு குறையாவது சொல்லியிருக்கலாம். இது உனக்கு மட்டும்.

இனி ஞாயிற்றுக்கிழமையும் கடை பூட்டு என்று சொல்லிவிட்டேன். இந்தத் தடவை முறையாக, பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது நிக்கொலஸ் வாயாலேயே அறிவித்தாயிற்று. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத முடிகிறது.

வருகிற 24ஆம் திகதி வியாழக்கிழமை புத்தளத்தில் றெயில் ஏறுகிறேன். அல்பேட்டை மருதானைக்கு வரச் சொல். அப்பத் தாச்சி கொண்டுவர மாட்டேன், கேட்க வேண்டாம் என்றும் சொல்.

ஒன்று எழுதவேண்டும். நீ பிறந்தது அப்பையா இருந்த காலத்தில், அன்றைக்குத் தலவிலக் கோயில் திருநாள். சிலாபத்திலிருந்து உன் அம்மா ஆள் அனுப்பினாள். கடையில் யாத்திரைக்காரர் நிறைந்திருக்கிறார்கள், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். நான் வந்து சேர்ந்தபோது உனக்கு மூன்று நாள். உன் அம்மா ஒன்றும் கேட்கவில்லை, உன்னைத் தூக்கி என் மடியில் வைத்தாள். மலேரியாக் காய்ச்சல் வருடத்தில் அவள் கண்மூடும் வரைக்கும் அதை அவள் கேட்கவே இல்லை.

அந்தோனியார் உன்னைக் காப்பார். உனக்கு வலி எடுத்தால், நான் களைத்துப்போய்ப் படுத்திருக்கிறேன் என்று இரக்கப்படாதே. எழுப்பு, மகளே. என்னைத்தான் முதலில் எழுப்ப வேண்டும்.

உன்னை ஆசீர்வதித்து, நாளை எண்ணிக்கொண்டிருக்கும்
அம்மம்மா
மதலேனாள்