ஓய்வு நாளில் மடித்த காஸ் துணி

மலாவி, ஆப்பிரிக்கா,
திங்கட்கிழமை.

மதிப்பிற்குரிய என் கணவர் அவர்களுக்கு,

ஆண்டவர் தயவால் நான் நலம். இராஜபாளையத்தில் தங்கள் மூட்டுவலி தணிந்ததா?

இன்று எங்கள் ஊழியக் குழுவுக்கு ஓய்வு நாள். அனைவரும் வேனில் ஏரிக்குச் சென்றனர். நான் மட்டும் பதினான்கு பேருக்குச் சமைக்க நிறுத்தப்பட்டேன். நாளைய பெண்கள் கூட்டத்தில் சாட்சி கூற நான் ஒரு மாதமாக எழுதிய உரையையும் போதகர் மறுத்துவிட்டார்.

"ஒங்க தமிழு எனக்கே வெளங்கலம்மா. நம்ம குழுவுல ஜெபராஜ் பேசிக்கிடுவாரு, நீங்க சாம்பாரப் பாருங்க" என்றார். பள்ளி செல்லாமல் நானே கற்ற தமிழுக்கு இதுவா மரியாதை?

பருப்பு வேகும் வேளையில் பக்கத்து மருத்துவமனைக்குச் சென்றேன். அங்குள்ள பெண்கள் பிசிறு வெளியே தெரியக் காயத்துக்குக் கட்டும் காஸ் துணியை மடித்துக்கொண்டிருந்தனர். புண்ணில் நூல் ஒட்டாதா? பேண்டேஜ் கம்பெனியில் பதினோரு ஆண்டுகள் மடித்த கை பொறுக்கவில்லை. பிசிறை உள்ளே தள்ளி மடித்துக் காட்டினேன்; சிரித்தபடியே கற்றுக்கொண்டனர். நாளைய கூட்டத்திலும் நான் காட்ட வேண்டுமென்று நாகர்கோவில்காரரான மருத்துவர் போதகரிடம் தொலைபேசியில் கேட்டார்.

"மடிச்சு மட்டும் காட்டட்டும், பேச்சு வேண்டாம்" என்பது போதகரின் பதில். அக்கோபத்தில் சாம்பாரில் இருமுறை உப்பிட்டேன்.

அடுத்த வாரம் வரும் குழுவினரிடம் என் மற்றொரு மூக்குக் கண்ணாடியும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கால் கிலோவும் கொடுத்தனுப்புக. தங்கள் கைப்பட இரண்டு வரியும் எழுதுக. இக்குழுவில் என்னிடம் பேசுவோர் சமையலைப் பற்றி மட்டுமே பேசுகின்றனர்.

நாளை மடித்துக்கொண்டே பேசுவதெனத் தீர்மானித்துவிட்டேன். மொழிபெயர்க்க மருத்துவர் இசைந்துள்ளார். வேன் வந்துவிட்டது, இலை போட வேண்டும்.

தங்கள்,
கிரேனாப்