சட்டையில் சேலம் என்று மட்டும்

பேரன்பிற்கும் பெருமதிப்பிற்கும் உரிய என் கணவர் அவர்களின் திருமுன்புக்கு, பழனியம்மாள் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கு யாவரும் நலம். தங்கள் நலத்தை எந்த முகவரிக்கு எழுதிக் கேட்பது என்று விளங்காமையால் இக்கடிதம் இத்துணை தாமதமாயிற்று. வருகிற தை மாதத்தோடு தாங்கள் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இதுவரை ஒரு வரியும் எழுதாதிருந்த குற்றத்தைப் பொறுத்தருள வேண்டும்.

வெள்ளிதோறும் வெளிவரும் நம் ஊர்ப் பத்திரிகையில் இதனை அச்சிடக் கொடுக்கிறேன். நாலு பேர் படிக்கும் இடத்தில் நின்று தங்களோடு பேசுவது எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆயினும், நான் சொல்ல வந்த செய்தி நம் இருவரோடு முடிவதன்று. ஊருக்கும் அதில் பங்கு உண்டு. ஆகவே ஊரும் கேட்கட்டும்.

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்றவள் நான். நம் ஜவ்வரிசி ஆலைக்கு வந்து சேர்ந்த பழைய செய்தித்தாள்களை எழுத்துக் கூட்டிப் படித்தே இந்தத் தமிழைத் தேடிக்கொண்டேன். நம் கால்பந்து அணிக்காக வெளியூர்ச் சங்கங்களுக்குப் போன கடிதங்கள் அனைத்தும் என் கைப்படவே போயின. தாங்கள் அருகில் அமர்ந்து கேட்டுவிட்டுச் சிரிப்பீர்கள். "ஏம்புள்ள, ஆட்டத்துக்கு வாங்கன்னு கூப்புடறதுக்கு இத்தன அலங்காரமா? இதப் படிச்சா அந்த ஊரு ரெஃப்ரீ எந்திரிச்சு நின்னு கும்புட்டுப்போட்டுத்தான் உக்காருவான்" என்பீர்கள். சிரித்தாலும் ஒரு சொல்லைக்கூட மாற்றச் சொன்னதில்லை. அதை நான் மறக்கவில்லை.

ஆலை ஓடுகிறது. நாமகிரிப்பேட்டையிலிருந்தும் தம்மம்பட்டியிலிருந்தும் மரவள்ளிக் கிழங்கு வண்டிகள் வழக்கம்போல் வருகின்றன. மின்சாரம் வழக்கம்போல் போகிறது. மார்கழி வெயில் போதாமல் களத்தில் ஜவ்வரிசி காய நேரமாகிறது. அணியும் ஆடுகிறது. தங்களிடம் ஆடத் தொடங்கித் தலைவனாகி, முழங்கால் போனபின் பயிற்சி கொடுக்க நின்ற ஜப்பார்தான் இன்றும் பையன்களை விடியுமுன் ஓடவைக்கிறான். அவனுக்கு முன்தலையில் நரை விழுந்துவிட்டது. சொன்னால் கோபித்துக்கொள்வான். பத்திரிகையில் வேறு போட்டுவிட்டேன்.

இனி, செய்திக்கு வருகிறேன்.

சென்ற வாரம் கோயமுத்தூர் மில் முதலாளி வந்திருந்தார். இங்கே ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் தம் உறவினர் வீட்டில் தங்கி, மறுநாள் காலை ஆலைக்கே வந்தார். தங்கள் மறைவுக்கு அப்போதே வர இயலாமற் போனதற்கு வருந்தினார். உண்மையாகவே வருந்தினார் என்று நினைக்கிறேன். தங்கள் நாற்காலியைக் காட்டியபோது அதில் உட்காரவில்லை. காபி குடித்து முடித்தபின் மெல்லச் சொன்னார்.

"அம்மிணி, டீமை எங்கிட்டக் குடுத்துருங்க. பசங்க அத்தன பேருக்கும் மில்லுல வேல போட்டுத் தாரேன். நல்ல கிரவுண்டு இருக்குது. டீமுக்கு அவரு பேரையே வெச்சுப்போடலாமுங்க. ஆடறது மட்டும் கோயமுத்தூர்ல."

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பார்க்க வருவதாகவும், அங்கேயே பதில் சொன்னால் போதுமென்றும் கூறி எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி, "அந்த ஆடுக இன்னும் வருதுங்களா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

படிப்பவர்களில் இளையவர்களுக்கு அந்தக் கதை தெரியாது. தங்கள் அனுமதியோடு அவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

அணி தொடங்கிய புதிதில் மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால்தான் கோடு போட்டோம். ஓர் ஆட்டத்தில் ஜப்பார் கோட்டின்மேல் முகங்குப்புற விழுந்தான். கண்ணில் சுண்ணாம்பு போய், இரண்டு கண்ணும் கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவன் பார்வை திரும்பும்வரை தாங்கள் ஆலைப்பக்கம் சரியாக வரவில்லை. திரும்பியதும், "இனி நம்ம கிரவுண்டுல சுண்ணாம்பு ஆகாது. பையங் கண்ண விடக் கோடு பெருசா?" என்று சொல்லிவிட்டீர்கள். கிழங்கை அரைத்து மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கையை நாம் திப்பி என்போம். அதைக் காயவைத்துப் பொடித்தால் வெள்ளை வெளேரென்றுதான் இருக்கும். அதில் கோடு போடச் சொன்னீர்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொள்ளலாம். எல்லோரும் தங்கள் மூளையைப் பாராட்டினார்கள். நானும் பாராட்டினேன்.

சுற்றுப்புறத்துக் கால்நடைகளுக்கெல்லாம் திப்பிதான் தீவனம் என்பது ஆலை நடத்தும் நம்மில் ஒருவருக்கும் அன்று நினைவுக்கு வரவில்லை.

அது எழுபதுகளின் நடுவில், மின்வெட்டால் ஆலை பாதி நாள் ஓடாமல் கிடந்த காலம். மில் முதலாளி அப்போதும் இதே கேள்வியோடுதான் வந்திருந்தார்: அணியைக் கோயமுத்தூருக்குக் கொடுத்துவிடுங்கள், பையன்களுக்கு நிலையான வேலை உண்டு. கொடுத்துவிடலாம் என்பதே என் எண்ணம். ஆடுகள் வந்த ஆட்டத்துக்கு முந்தின நாள் அதற்காகத் தங்களோடு வாதாடினேன். "நாமகிரிப்பேட்டையில பொறந்த உங்களுக்குச் சேலத்து மேல அப்படி என்னங்க?" என்று கேட்டேன். "செவ்வாய்ப்பேட்டைக்குக் கெழங்கு வண்டி ஓட்டியாந்த மொத நாளு, மாடு படுத்துருச்சு. பேரு ஊரு கேக்காம நாலு பேரு வண்டிய இழுத்தாந்து உட்டாங்க புள்ள" என்றீர்கள். அவ்வளவுதான். ஒரு வண்டியை இழுத்துவிட்டதற்கு வாழ்நாள் முழுவதுமா என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஈரோட்டு அணியோடு ஆட்டம். பெண்கள் மைதானத்தில் அமரும் வழக்கம் அன்று இல்லை. ஆலை லாரியை எல்லையோரம் நிறுத்தி, அதன் முன்னறையில் அமர்ந்துதான் நான் பார்ப்பேன். இடைவேளைக்குப் பின் சிறிது நேரத்தில் கிழக்குப் பக்கமிருந்து ஆடுகள் வந்தன. ஒன்றிரண்டல்ல, மந்தை. நேராகக் கோல் கம்பத்தருகே வந்து, கோட்டை நக்கிக்கொண்டே நகர்ந்தன. பந்து ஒருபக்கம், ஆடு ஒருபக்கம். ரெஃப்ரீ விசில் ஊதினார். ஆடுகள் அவரைப் பொருட்படுத்தவில்லை. பின்னாலேயே ஆட்டுக்காரப் பாவாயி ஓடிவந்தாள்.

"ஐயோ சாமி, நான் ஓட்டியாரலீங்க. வாசத்துக்கு அதுகளா வந்துருச்சுங்க."

"உன்ற ஆடு பெனால்டி ஏரியாவுக்குள்ள நிக்குது பாவாயி" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். "ஆஃப்சைடு குடுங்க சார்" என்றான் இன்னொருவன்.

தங்கள் பக்கத்தில் நின்று ஆட்டம் பார்த்த மில் முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். லாரியில் இருந்த எனக்கு முகமெல்லாம் எரிந்தது. ஆனால் அதன்பின் நடந்ததைத் தாங்களும் பார்த்தீர்கள், நானும் பார்த்தேன். யாரும் கூப்பிடாமலே கூட்டம் உள்ளே இறங்கியது. காய்கறிக் கடைக்காரர்கள், லாரிக்காரர்கள், தறிக்காரர்கள், சந்தை மூட்டை தூக்குகிறவர்கள் என ஆளுக்கோர் ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார்கள். இன்னும் சிலர் திப்பிச் சாக்கை அவிழ்த்து, குனிந்து, கையாலேயே கோட்டைத் திரும்பப் போட்டார்கள். கோடு கொஞ்சம் கோணல்தான். ரெஃப்ரீ அதை வைத்தே ஆட்டத்தைத் தொடங்கினார்.

தாங்கள் மில் முதலாளி பக்கம் திரும்பினீர்கள்.

"ஏனுங்க, உங்க கிரவுண்டுல ஆடு பூந்தா யாருங்க புடிப்பாங்க?"

"அங்கெல்லாம் ஆடு வராதுங்க. சுத்தியும் காம்பவுண்டு. வாசல்ல வாட்ச்மேன் இருக்கறான்."

"அப்ப எம் பசங்களுக்கு அங்க யாரும் இல்லீங்க" என்றீர்கள்.

அதுவே தங்கள் பதில். அந்த ஆட்டத்தில் நாம் தோற்றோம் என்பதையும் உண்மை கருதி இங்கே எழுதிவிடுகிறேன்.

அந்தப் பதிலுக்கு விலை இல்லாமற் போகவில்லை. நம் முன்வரிசை ஆட்டக்காரர்கள் இருவர் வேலைக்காகக் கோயமுத்தூர் போனார்கள். தாங்களே பஸ் ஏற்றிவிட்டு வந்தீர்கள். "ஆளு போலாம் புள்ள. வயிறுன்னு ஒண்ணு இருக்குதல்ல. டீமு போவப்படாது" என்று சொல்லி, அன்று இரண்டு வாய்க்குமேல் சோறு இறங்காமல் எழுந்தீர்கள். அடுத்த ஆட்டத்திலிருந்து, தொடங்குமுன் கோலுக்குப் பின்னால் ஒரு கூடை திப்பி வைக்கும் வழக்கம் வந்தது. பாவாயியின் ஆடுகள் அதைத் தின்று முடிக்கும்வரை ரெஃப்ரீ விசிலைத் தொடமாட்டார். வெளியூர் அணிகள் முதலில் கேலி செய்தன. பிறகு அவர்களே "ஆடுக சாப்பிட்டாச்சுங்களா?" என்று கேட்டுக்கொண்டு இறங்கத் தொடங்கினார்கள்.

இப்போது மனத்தை மறைக்காமல் எழுதுகிறேன்.

இம்முறை என்னை அசைத்தது மில் வேலையன்று, மைதானமன்று. தங்கள் பெயர். மணமான நாள் முதல் இன்றுவரை தங்கள் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்வேன். "ஏனுங்க" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டே ஓர் ஆயுளைக் கழித்துவிட்டேன். அந்தப் பெயரை ஒரு மைதானமே எழுந்து நின்று கூவும் என்றால், ஒரு முறையேனும் காது குளிரக் கேட்க எனக்கு ஆசை இருக்காதா? இரண்டு இரவுகள் அந்த ஆசையோடு படுத்திருந்தேன். தாங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? வேண்டாம் என்றா? அல்லது, உன் விருப்பம் புள்ள என்று என் தலையில் கட்டிவிட்டு வெற்றிலை போடப் போயிருப்பீர்களா?

ஜப்பாரைக் கூப்பிட்டுக் கேட்டேன். பையன்களில் சிலருக்கு மில் வேலையில் விருப்பம் உண்டு என்றான். நியாயந்தானே. பிறகு அவன் தயங்கியபடி நின்றான்.

"என்ன ஜப்பாரு, சொல்லு."

"ஒண்ணுமில்லீங்கம்மா. மொத மொத சட்டை தைக்கக் குடுக்கறப்ப டெய்லர் கேட்டாரு, ஆலை பேரு போடறதா, மொதலாளி பேரு போடறதான்னு. அண்ணன் ரெண்டும் வேணாம்னுட்டாரு. சேலம்னு மட்டும் போடு, அப்பத்தான் அழுக்கானா ஊரே தொவைக்கும்னாரு."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். பிறகு, அன்று சுண்ணாம்பு பட்டுக் கட்டுப் போட்டிருந்த அந்தக் கண்களைத் துடைத்துக்கொண்டான்.

அவன் போனபின் நெடுநேரம் களத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லாரிக் கண்ணாடிக்குப் பின்னால் இத்தனை ஆண்டுகள் அமர்ந்து நான் கேட்டது எதை? பந்து எதிர்க்கோலை நெருங்கும்போதெல்லாம் கூட்டம் "சேலம், சேலம்" என்று எழும். கோட்டருகே நிற்கும் தாங்கள், தங்களைத்தான் யாரோ கூப்பிட்டாற்போலத் திரும்பிப் பார்ப்பீர்கள். ஒவ்வொரு முறையும் பார்ப்பீர்கள். எனக்கு அப்போது அது வேடிக்கையாக இருந்தது. இப்போது விளங்குகிறது. தங்கள் பெயரைச் சொல்ல எனக்கு வழக்கம் இடங்கொடாது. சேலம் என்று சொல்ல எந்த வழக்கம் குறுக்கே நிற்கும்?

ஆகவே என் முடிவு இது. வேலைக்குப் போக விரும்பும் பையன்களை நானே பஸ் ஏற்றிவிடுவேன். அவர்களுடைய நன்னடத்தையைப் பற்றி எனக்குத் தெரிந்த மிக உயர்ந்த தமிழில் கடிதமும் எழுதிக் கொடுப்பேன். அணி போகாது. பெயர் மாறாது. மில் முதலாளி நல்லவர். இதைப் படிக்கும்போது வருந்த வேண்டாம் என்று அவரை இவ்விடத்திலேயே கேட்டுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவசியம் வர வேண்டும். தங்கள் நாற்காலியை மைதானத்துக்கு எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். அவர் அமர்ந்தாலும் எனக்கு வருத்தமில்லை.

தங்களுக்கு ஒரு வாக்குறுதியும் தருகிறேன். அன்று நான் லாரியில் அமரமாட்டேன். இறங்கி வந்து, தாங்கள் நின்ற இடத்தில், கோட்டருகே நிற்பேன். பந்து எதிர்க்கோலை நெருங்கும்போது ஊரோடு சேர்ந்து நானும் வாய்விட்டுக் கூவுவேன். உரக்கவே கூவுவேன். தாங்கள் எங்கிருந்தாலும் வழக்கம்போல் ஒரு முறை திரும்பிப் பார்க்க வேண்டும்.

ஒரே ஒரு ஐயம் மட்டும் தீராமல் இருக்கிறது. இப்போதெல்லாம் கண்ணை எரிக்காத வெள்ளைப் பொடி கடையில் கிடைக்கிறதாம். கோடு அதில் போட்டால் நேராக நிற்கும், ஆடும் வராது என்கிறான் ஜப்பார். பாவாயி இதைக் கேட்டுவிட்டு, "அப்ப எங்களுக்கு அங்க சோலி இல்லீங்களா அம்மிணி?" என்று வாசலில் வந்து நிற்கிறாள். அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்?

ஏனுங்க, கோடு பொடியிலீங்களா, திப்பியிலீங்களா? ஞாயித்துக்கெழமக்குள்ள ஒரு வரி எழுதுங்க.

பதிலை எதிர்நோக்கும்,
தங்கள் வீட்டுக்காரி,
பழனியம்மாள்