இரண்டு கார்டு, ஒரு வயிறு

ஜூன் 13, செவ்வாய், 2006

விடிந்ததிலிருந்து தூறல். கர்ப்பிணிகள் செக்கப் நாள். கரண்ட் இல்லை. ஒரே கூட்டம், வாசல் முழுக்கச் செருப்பும் சேறும். டீ இரண்டு முறை ஆறிப்போனது.

சாயங்காலம் ரிஜிஸ்டரில் ஏற்ற உட்கார்ந்தேன். செல்வி: எடை 52½, பி.பி. 110/70. அவள் ஓரகத்தி மஞ்சுளா: எடை 52½, பி.பி. 110/70. ஒரே வீட்டு மருமகள்கள், ஒரே சோறு என்று முதலில் சிரிப்புதான் வந்தது.

பிறகு கை ஞாபகப்படுத்தியது. மஞ்சுளாவுக்கு இது முதல் பிள்ளை. மஞ்சுளா கார்டுக்கு நான் இன்று தொட்டுப் பார்த்த வயிற்றில் பழைய பிரசவக் கோடுகள், வெள்ளை வெள்ளையாக. அது செல்வியின் வயிறு. புடவை மாற்றி, கனகாம்பரம் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி இரண்டாம் முறை வந்திருக்கிறாள். பதினோரு வருட நர்ஸ் சர்வீஸ் எனக்கு. வெட்கம்.

மஞ்சுளாவை நான் நேரில் பார்த்தது மூன்றாம் மாதம், பதிய வந்தபோது. அன்றே ரத்த அளவு 8½தான், குறைவு. இப்போது ஆறரை மாதம்.

ஜூன் 14, புதன்

தடுப்பூசி முடித்து நேராகச் செல்வி வீடு. ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். மறைக்கவே இல்லை. மஞ்சுளாவுக்கு ஓசூரில் கம்பெனி வேலை, பேக்கிங், கான்ட்ராக்ட். செவ்வாய்க்கிழமை லீவு கேட்டால் எதற்கு என்பார்கள். வயிறு தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள். அதனால் மூன்று மாதமாக இவளே இரண்டு பேராகவும் வருகிறாள்.

"ஒரே வூட்டுக் கொழந்தைங்க தானக்கா. ஒண்ணு நல்லா இருந்தா இன்னொன்னும் நல்லாத்தான இருக்கும்?"

கோபப்பட வாயைத் திறந்தேன், சிரித்துவிட்டேன். செல்விக்கு அது பொய்யே இல்லை, உதவி. மஞ்சுளாவின் சத்து மாத்திரையை ஒழுங்காக அவளிடம் கொடுத்திருக்கிறாள், தான் ஒன்றுகூட எடுக்கவில்லையாம். சத்தியம் செய்தாள்.

ஆனால் சாப்பிட வேண்டியவள் சாப்பிட்டாளா?

வாங்க வேண்டியது: சோப்பு, சைக்கிள் டியூப், பையனுக்குக் கோடு போட்ட நோட்டு.

ஜூன் 15, வியாழன்

காலை 5.40. கம்பெனி வேன் நிற்கும் இடம். குளிர். மஞ்சுளா, மேலே தொளதொளவென்று கம்பெனிக் கோட்டு. ஆனேக்கல் பக்கத்துப் பெண், தமிழும் கன்னடமும் கலந்து பேசுவாள். "சுஸ்து அஷ்டே, அக்கா." சோர்வு மட்டும்தானாம். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். சுண்ணாம்பாய் வெளுப்பு. மாத்திரை சாப்பிட்டால் வேனில் வாந்தி வருகிறதென்று அத்தனையும் லாக்கரில்.

இப்படியே விட்டால் பிரசவத்தில் ரத்தம் போகும்போது தாங்க மாட்டாள். சொன்னேன். வேன் கதவில் கை வைத்தபடி சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம மட்டும்தான் லீவு."

"ஞாயித்துக்கெழம வா. நான் இருக்கேன்."

வேனுக்குள்ளிருந்து இன்னும் இரண்டு மூன்று முகங்கள் எட்டிப் பார்த்தன. எல்லோர் மேலும் அதே தொளதொளக் கோட்டு.

ஜூன் 18, ஞாயிறு

வீட்டில் முணுமுணுப்பு. கறி வாங்கி வைத்துவிட்டு வந்துவிட்டேன், யாராவது சமைத்துக்கொள்ளட்டும்.

மஞ்சுளா ஒருத்திக்காகத் திறந்தேன். வந்தது ஏழு பேர்! ஒருத்தி தேன்கனிக்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து. யார் சொன்னார்கள் என்றால், வேனில் சொன்னார்களாம்.

மஞ்சுளா ரத்தம் 7.2. பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினேன், நாளைக்கே. நாளை லீவா என்று முகம் சுருங்கியது. செல்விதான் ஒரு போடு போட்டாள், "உனக்குப் பதிலா ரத்தம் ஏத்திக்க என்னால முடியாது. நீயேதான் போவணும்."

குழல் வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்டேன். நல்ல வேகம். மஞ்சுளாவுக்கும் கேட்க ஆசை, தன் வயிற்றில் தானே காது வைக்க முடியாதே. செல்வி குனிந்து கேட்டாள். கேட்டபடியே மஞ்சுளாவின் உள்ளங்கையில் விரலால் தட்டிக் காட்டினாள். டக் டக் டக் டக். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, சந்தோஷத்தில்தான்.

ஜூலை 11, செவ்வாய்

எம்.ஓ. டாக்டர் மேடத்திடம் கேட்டேன். மாதம் ஒரு ஞாயிறு செக்கப். "உனக்கு வேற வேலை இல்லையா" என்றார். கையெழுத்தும் போட்டார்.

மஞ்சுளாவுக்கு ஒரு பாட்டில் ரத்தம் ஏறியாயிற்று. மாத்திரை இப்போது சாயங்காலம், களி சாப்பிட்ட பிறகு. வாந்தி இல்லை.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

ஞாயிறு செக்கப்புக்குப் பதினான்கு பேர். பெஞ்சு போதவில்லை.

மஞ்சுளாவைக் கம்பெனியில் நிறுத்திவிட்டார்கள். பாவிகள். ஆனால் ரத்தம் 10.1! அவளைவிட நான்தான் அதிகம் குதித்தேன்.

செப்டம்பர் 16, சனி

மஞ்சுளா. பெண். 2.7 கிலோ. பெரியாஸ்பத்திரி, சுகப்பிரசவம். இருவரும் நலம். செல்விக்குப் போன வாரமே பையன்.

லட்டு கால் கிலோ. பாதி நானே தின்றேன்.

நவம்பர் 1, புதன்

வெயில், நல்ல காற்று. தடுப்பூசி நாள். செல்வி இரண்டு கையிலும் இரண்டு பிள்ளை மூட்டையோடு தனியாக வந்து நின்றாள். எனக்குப் பக்கென்றது. மஞ்சுளா எங்கே என்று கேட்ட கேள்வியில் குரல் உயர்ந்துவிட்டது போல. பின்னாலேயே வந்தாள், கார்டுகளைத் தூக்கிக் காட்டிக்கொண்டு, கொஞ்சம் சதை போட்டிருந்தாள்.

பையனுக்கு ஊசி. வீரிட்டான். பெண்ணுக்கு ஊசி. அவனைவிடப் பெரிதாக வீரிட்டாள்.

செல்வி என்னைப் பார்த்தாள். "ரெண்டு பேருக்கா. நல்லா எண்ணிக்கோங்க."