பின்பாதி மட்டும் தெரிந்தவன்

அக்டோபர் 5, 1958. ஞாயிறு.

விடியலிலிருந்தே தூறல். பூசைக்குப் போவதற்குள் வேட்டியெல்லாம் சேறு. பிரசங்கம் நீளம். நடுவில் தூங்கிவிட்டேன், எழுப்ப ஆளில்லை. முன்பெல்லாம் பெண்கள் பக்கமிருந்து என் வீட்டுக்காரி தெரசம்மாள் ஒரு இருமல் இருமுவாள். அது எனக்கான இருமல் என்று கோயிலில் எல்லோருக்கும் தெரியும்.

பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் பிடித்துக்கொண்டார். ஜெபமாலை மாதம் அல்லவா, மாதா சுரூபம் வீடு வீடாகப் போகிறது. பதினாறாம் தேதி என் வீடாம். எந்த வீட்டுக்கு மாதா வருகிறாளோ அந்த வீட்டுக்காரர்தான் ஜெபமாலையைத் தொடங்க வேண்டும் என்பது இங்கே வழக்கம்.

"எங்கூட்டை விட்டுடுங்க சாமி. அவ கண்ண மூடுனதுக்கப்பறம் ஊட்டுல ஜெபமே இல்லீங்க. எனக்கோ பட்டறை வாய். ஸ்பேனர் கை தவறுனா என்ன வார்த்தை வரும்னு உங்களுக்குத் தெரியாதுங்க."

"இராயப்பர் மீன் பிடிச்சவர்தானே சூசை? வலை அறுந்தப்போ அவர் என்ன ஞானப்பாட்டா பாடியிருப்பார்? அவரைத்தான் ஆண்டவர் பேர் சொல்லிக் கூப்பிட்டார்."

சிரித்துவிட்டேன். அதுதான் மோசம். சிரித்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார் மனுஷன்.

8, புதன்.

வெயில். ராசிபுரத்து லாரி, கியர்பாக்ஸ் இறக்கியாச்சு. பல் இரண்டு போயிருக்கிறது. மதியம் சோறு + பழைய புளிக்குழம்பு. உப்பு கூடுதல்.

சாமியாரிடம் சொல்லாத காரணம் ஒன்று இருக்கிறது. இங்கே எழுதலாம், யார் பார்க்கப் போகிறார்கள். எனக்கு ஜெபத்தில் பின்பாதிதான் வரும். கல்யாணமான நாள் முதல் தெ. தொடங்குவாள், நான் பதில் சொல்லுவேன். ஜெபமாலையில் மணிக்கு மணி பிரியதத்த மந்திரத்தின் முன்பாதி அவளுடையது, "அர்ச்சியசிஷ்ட மரியாயே" என்று தொடங்கும் பின்பாதி என்னுடையது. முன்பாதி காதுக்குத் தெரியும். நாக்குக்குத் தெரியாது.

அவள் சொல்கிற அழகே தனி. கண் மூடியிருக்கும், மூக்கு அடுப்பில் இருக்கும். "கர்த்தர் உம்முடனே... ஏய் பூனை, பாலு பாலு!... பெண்களுக்குள்ளே..." என்று ஒரே மூச்சில் போவாள். நான் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டே பதில் சொல்லுவேன். "தூங்குனாலும் மோட்சத்துக்கு இவரு பதில் போயிடுது பாரு" என்று மகள் ரோசம்மாளிடம் சிரிப்பாள். அந்தத் தூக்கத்துக்கு இப்போது ஏங்குகிறேன்.

ரோ. இருந்தால் தொடங்கிவிடுவாள். ஆத்தூரில் நிறைமாதம், பஸ் ஏறக்கூடாது என்று மாமியார் கண்டிப்பு. நியாயம்தான்.

11, சனி.

லாரிக்கு அடியில் படுத்து முன்பாதியைச் சொல்லிப் பழகிப் பார்த்தேன். "பிரியதத்தத்தினாலே" என்ற முதல் வார்த்தை வரை வருகிறது. அப்புறம் தண்டவாளம் மாறிப் பின்பாதிக்குப் போய்விடுகிறது. மறுபடி. மறுபடி. டிரைவர் குனிந்து பார்த்தார்.

"என்னுங்க மேஸ்திரி, கியருக்கு மந்திரிக்கிறீங்களா? வேப்பிலை கொண்டாரட்டுங்களா?"

நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. மாதா வருகிற வாயா இது.

புத்தகம் பார்த்துப் படிக்கலாம். ஆனால் பிள்ளைகள்கூட மனப்பாடமாகச் சொல்கிற ஜெபம். மானம் போய்விடும்.

13, திங்கள்.

நாளைக்குக் கோயிலுக்குப் போய் 'முடியாது' என்று சொல்லிவிடுவதென்று முடிவு. சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பழனியம்மா தயிர் கொண்டுவந்து கொடுத்தார். கவுண்டர் வீட்டு மனுஷி. எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு மண் சுவர்தான்.

"ஏனுங்க மேஸ்திரி, வியாழக்கெழமை உங்கூட்டுக்கு மாதா வாராங்களாமா?"

"வரமாட்டாங்க. வேண்டாம்னு சொல்லப் போறேனுங்க."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "அக்கா இருந்தா இந்நேரம் ஊடு சாணி வழிச்சு, கோலம் போட்டு, என்னையும் பூக்கட்ட உக்கார வெச்சிருப்பாங்க. வருசாவருசம் வந்த சாமிங்க. இந்த வருசம் வாசலோட போகச் சொல்றீங்களா?"

தயிர்ச் சட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டார். சாப்பாடு இறங்கவில்லை. தெ. கும்பிட்ட மாதா அவள் வாசலைத் தாண்டிப் போனால் நான் எந்த முகத்தோடு கல்லறைத் திருநாளுக்கு அவளிடம் போவேன்?

15, புதன்.

சொல்லப் போகவில்லை. மாதா வரட்டும்.

வாங்க: மெழுகுவர்த்தி, ஊதுவத்தி, சாமந்தி, பொரிகடலை, வெல்லம். சுக்குக் காப்பிக்குப் பெரிய குண்டான் (பழனி. தருவதாகச் சொன்னார்). பாய் இரவல். நகத்துக் கிரீஸ் மண்ணெண்ணெய் போட்டும் போகவில்லை.

16, வியாழன்.

மழை இல்லை, நல்லவேளை. பொழுது சாயப் பாட்டோடு வந்தார்கள். தெ. வைக்கிற அதே மேசையில் சுரூபத்தை வைத்தோம். வீடு நிறைய ஆட்கள். பழனியம்மா வாசற்படிக்கு வெளியே நின்றார், உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

சிலுவை அடையாளம், விசுவாச மந்திரம், எல்லோரும் சேர்ந்து சொல்வது, தப்பித்தேன். பரலோக மந்திரம் எப்படியோ உருண்டது. முதல் மணி. வாயைத் திறந்தேன். வந்தது "அர்ச்சியசிஷ்ட மரியாயே".

கூட்டம் விழித்தது. பதிலையே முதலில் சொன்னால் அதற்கு யார் என்ன பதில் சொல்வது? ஒரு பெண் களுக்கென்று சிரித்தது. மறுபடி தொடங்கினேன். மறுபடியும் அதே. காது இரண்டும் கொதித்தன. எழுந்து பட்டறைக்கே போய்விடலாம் என்றிருந்தது.

அப்போது வாசலிலிருந்து, "பிரியதத்தத்தினாலே..." பழனியம்மா. கொங்கு இழுப்போடு, ஆனால் தெ. மூச்சு வாங்கும் இடத்தில் மூச்சு வாங்கி, அவள் குரலை இறக்கும் இடத்தில் இறக்கி, முன்பாதி முழுக்க. என் வாய் தானாகப் பின்பாதியைச் சொல்லிவிட்டது. அடுத்த மணியும் அப்படியே. பிறகு பெண்கள் எல்லோரும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். வீட்டுக்காரன் கடைசி மணி வரைக்கும் பதில்தான் சொன்னான். ஒருவரும் குறை சொல்லவில்லை.

காப்பி கொடுக்கும்போது கேட்டேன், "எப்பங்க கத்துக்கிட்டீங்க?"

"கத்துக்கலீங்க. மாட்டுக்குத் தண்ணி காட்டறப்ப அக்கா சத்தம் செவுரு தாண்டி வரும். கேட்டுக் கேட்டு வாயில ஒட்டிக்கிச்சு. மீதிதானுங்க எனக்குத் தெரியாது. நீங்க முணுமுணுன்னு சொல்லுவீங்க, ஒண்ணுமே கேக்காது."

கொல்லைப்பக்கம் போய் அழுதேன். அவளை அடக்கம் பண்ணின அன்றுகூட இப்படி அழவில்லை.

17, வெள்ளி.

நல்ல மழை. பட்டறை பாதி நாள். மாதா அடுத்த தெருவுக்குப் போயாச்சு, வீடு வெறிச்சென்று கிடக்கிறது. தரையில் சாமந்தி இதழ்கள், பெருக்க மனசில்லை.

விளக்கு வைத்ததும் பாயைப் போட்டு உட்கார்ந்தேன். பயம் இல்லை, கேட்க ஆள் இருந்தால்தானே. முன்பாதியைத் தொடங்கினேன். தட்டாமல் வந்தது, முழுசாக. முடிந்ததும் பழக்கத்தில் நிறுத்திவிட்டேன், பதிலுக்காக.

ஒன்றும் வரவில்லை. பதில் சொல்கிறவன் நான்தானே.

பின்பாதியைச் சுவர் தாண்டிக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன்.